சேந்தமங்கலமும் வாழவந்தியும்: ஒரு மலைச்சபையின் தோற்றம்

கொல்லி என்ற சொல்லைக் கேட்ட அளவில் தமிழ் கற்றோர் நெஞ்சில் எழுவன வல்வில் ஓரியும் கொல்லிப்பாவையும்தாம். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய ஓரி, மலையமான் திருமுடிக்காரியின் கையால் மாண்டதும், மலை சேரன் வசமானதும் சங்கப் பாடல்களால் நாம் அறியும் வரலாறு. பிற்காலத்தில் அம்பலவாணக் கவிராயர் அறப்பளீசுவரர் பெயரால் சதகம் பாடினார். ஆகவே இம்மலை இலக்கியத்துக்குப் புதியதன்று. ஆயினும் பாவைக்கும் பரமனுக்கும் இடையே அங்குச் சாமையும் தினையும் விதைத்து வாழ்ந்த மக்கள் எப்படி இருந்தனர் என்பதை இலக்கியம் நமக்கு மிகுதியும் சொல்லவில்லை. அம்மக்களிடையே தோன்றிய ஒரு சிறு கிறித்தவ சபையின் தொடக்கத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. சமயப் பரப்புரை எனது நோக்கமன்று. வட்டார வரலாற்றின் ஓர் ஏட்டைப் புரட்டுவதே நோக்கம்.

மலைக்குப் போகுமுன் அடிவாரத்தில் சிறிது நிற்க வேண்டும். சேலத்திலிருந்து இராசிபுரம் வழியாகவோ நாமக்கல்லிலிருந்து நேராகவோ வருவோர்க்குக் கொல்லிமலையின் வாயிலாக இருப்பது சேந்தமங்கலம். 1997 சனவரி முதல் நாள் நாமக்கல் மாவட்டம் பிரிக்கப்படும்வரை இவ்வூர் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தமிழகக் கிறித்தவ வரலாற்றில் இவ்வூரின் பெயர் இருமுறை வருகிறது. முதல்முறை 1623இல். அடுத்த முறை ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழித்து, 1913இல். இரண்டு முறையும் வந்தவர்கள் அயல்நாட்டார். இரண்டு முறையும் அவர்கள் இவ்வூரைக் கடந்து வேறிடம் போனவர்களே. ஆனால் போன வழிகள் வேறு, விளைந்த விளைவுகளும் வேறு.

காவியுடுத்த வழிப்போக்கர்

இத்தாலி நாட்டு இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தவர். காவியுடுத்து, புலால் நீக்கி, வடமொழியும் தமிழும் தெலுங்கும் கற்று, தம்மைத் தத்துவ போதகர் எனச் சொல்லிக்கொண்டவர். அவருடைய வாழ்க்கை முறை கிறித்தவத்துக்கு ஒவ்வாதது என்று அவருடைய சமயத்தாரே குற்றம் சாட்டினர். வழக்கு உரோமை வரை சென்றது. திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி 1623 சனவரி 31இல் வெளியிட்ட ஆணையால் அவ்வழக்கு அவருக்குச் சார்பாக முடிந்தது. அதே ஆண்டு சூன் மாதம் அவர் மதுரையை விட்டு வடக்கு நோக்கி நடந்தார்.

அப்பயணத்தில் அவர் வந்து சேர்ந்த ஊர்களுள் ஒன்று சேந்தமங்கலம். மதுரை நாயக்கருக்குத் திறை செலுத்திய இராமச்சந்திர நாயக்கர் அங்கு ஆண்டுகொண்டிருந்தார். துறவியை அவர் மதிப்புடன் வரவேற்றார். நொபிலி அங்கிருந்து சேலம் சென்றார். சேலத்தில் நிலைமை நேர்மாறாக இருந்தது. தங்க ஓரிடம் கிடைக்காமல் பல நாள் அல்லற்பட்டார். சேலத்தை ஆண்ட செல்லப்ப நாயக்கரின் அண்ணன் திருமங்கல நாயக்கர், ஆட்சியுரிமை இழந்து வாழ்ந்தவர். அவர்தாம் நொபிலியிடம் பாடம் கேட்டு, 1625இல் திருமுழுக்குப் பெற்று, கான்சுடன்டைன் எனப் பெயர் சூடினார். உரோமைப் பேரரசர்களுள் முதன்முதலாகக் கிறித்தவத்தைத் தழுவியவன் பெயரை, அரசிழந்த ஒருவருக்குச் சூட்டியதில் ஒரு நம்பிக்கையும் இருக்கிறது, ஒரு சோகமும் இருக்கிறது. பின்னர் மோரமங்கலம் இவ்வட்டாரப் பணியின் நடுவிடமாயிற்று.

தமிழாசிரியர் என்ற முறையில் இங்கு ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. நொபிலி தம் சமயத்தை இந்நாட்டுச் சொற்களிலேயே சொல்ல முயன்றவர். இறைவனைச் சருவேசுரன் என்றார். தொழுமிடத்தைக் கோயில் என்றார். வழிபாட்டைப் பூசை என்றார். கத்தோலிக்கர் நாவில் இச்சொற்கள் நானூறு ஆண்டுகளாக வாழ்கின்றன. சீர்திருத்தச் சபையாரோ பெப்ரிசியுசு காலத்தில் பராபரன் என்றும், பவர் பதிப்பு வெளிவந்த 1871க்குப் பின் தேவன் என்றும் வழங்கினர். கோயில் என்ற சொல்லை விட்டுச் சபை என்ற சொல்லைக் கைக்கொண்டோர் அவர்களுள் பலர். கோயில் என்பது இடத்தைக் குறிக்கும், சபை என்பது கூடும் மாந்தரைக் குறிக்கும். இந்த வேற்றுமை வெறும் சொல் வேற்றுமையன்று என்பதைக் கொல்லிமலை வரலாறு காட்டும்.

நொபிலியின் வழி மேலோரிடமிருந்து கீழ்நோக்கி வருவது. அரசரும் அந்தணரும் ஏற்றால் நாடு ஏற்கும் என்பது அதன் கணக்கு. தாழ்த்தப்பட்ட மக்களும் மறையைத் தேடி வந்தபோது அக்கணக்கில் இடர்ப்பாடு தோன்றியது. ஒரே குரு இரு திறத்தாரோடும் பழகினால் மேலோர் விலகிவிடுவர் என்ற அச்சத்தால் 1640இல் பண்டாரசாமிகள் என்னும் தனிப்பிரிவை ஏற்படுத்த வேண்டியதாயிற்று. அப்பிரிவின் முதல்வர் பல்தசார் தா கோசுதா. நொபிலி 1656இல் மயிலாப்பூரில் மறைந்தார். சேலம் வட்டாரக் கத்தோலிக்கத்துக்கு அவர் வித்திட்டவர் என்பதில் ஐயமில்லை. 1930இல் சேலம் தனி மறைமாவட்டமானபோது அந்த வித்துக்கு முந்நூற்றைந்து ஆண்டு வயது. ஆனால் அவரை மதித்து வரவேற்ற சேந்தமங்கலத்தின் தலைக்கு மேல் நின்ற மலையை நோக்கி அவர் ஏறவில்லை. மலையில் அரசரும் இல்லை, அந்தணரும் இல்லை.

இடைப்பட்ட காலம்

சேலம் நகரில் சீர்திருத்தச் சபையாரின் பணி 1827இல் தொடங்கியது. இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த என்றி கிரிசுப்பு முதலில் வந்தவர். நான்கே ஆண்டுகளில், 1831இல் இறந்தார். பின்னர் வந்த செருமானியர் சான் மைக்கேல் லெக்லர், கைத்தொழிற் பள்ளி ஒன்றை நடத்தியவர் என்ற வகையில் நினைக்கத்தக்கவர். 1861இல் அவர் மறைந்தார். அவ்வாண்டே இலண்டனில் மற்றொரு சிறு சங்கம் தோன்றியது. ஸ்டிரிக்டு பாப்டிஸ்டு மிஷன் என்பது அதன் பெயர்.

இச்சங்கத்தாரின் கொள்கையைச் சிறிது விளக்கினால்தான் பின்வருவது விளங்கும். பிறப்பால் ஒருவர் கிறித்தவராவதில்லை என்பது இவர்கள் துணிபு. ஆதலால் குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுப்பதில்லை. அறிவு வந்தபின், தன் நம்பிக்கையைத் தன் வாயால் சபை முன் அறிக்கையிட்டு, நீரில் முழுவதும் மூழ்கி எழ வேண்டும். அவ்வாறு முழுக்குப் பெற்று ஒழுங்கில் நிற்போர்க்கே இராப்போசனப் பந்தியில் இடம் உண்டு. ஸ்டிரிக்டு என்ற அடைமொழி அந்தப் பந்தி ஒழுங்கைக் குறித்து வந்ததே. ஆயர்களுக்கு மேல் பேராயர் என்ற அடுக்கும் இவர்களிடம் இல்லை. ஒவ்வோர் ஊர்ச் சபையும் தன்னைத் தானே ஆண்டுகொள்ளும்.

இத்தகைய கொள்கையுடையோர்க்குக் கூட்டமாக மதம் மாற்றும் வழி அடைபட்டுப் போகிறது. ஊர்த் தலைவன் தலையசைத்தால் ஊரே திருமுழுக்குப் பெறும் முறைக்கு இங்கு இடமில்லை. ஒருவர் ஒருவராகத்தான் வர வேண்டும். அப்படி ஒருவர் ஒருவராக வருவதற்கு மிகவும் கடினமான நிலம் எது என்று தேடியிருந்தால் கொல்லிமலையையே காட்டியிருப்பார்கள்.

மலையும் மக்களும்

கொல்லிமலை ஏறத்தாழ 280 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. கடல் மட்டத்துக்கு மேல் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரமுள்ளது. இன்று காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகள் கொண்ட பாதையில் பேருந்து ஏறுகிறது. அன்று கால்நடையன்றி வேறில்லை. இயலாதோரைத் தோளில் சுமந்து செல்லும் டோலி உண்டு. அடிவாரக் காடு மலைக்காய்ச்சலுக்குப் பெயர்போனது. சமவெளியார் இரவு தங்க அஞ்சினர்.

இங்கு வாழ்வோர் மலையாளிகள் எனப்படுவர். கேரள நாட்டாரோடு இப்பெயருக்குத் தொடர்பில்லை. மலையை ஆள்வோர், மலையில் வாழ்வோர் என்ற பொருளில் வந்த தமிழ்ப் பெயர் இது. காஞ்சிபுரத்திலிருந்து தம் முன்னோர் வந்தனர் என்றும், உடன்பிறந்தார் மூவர் மலைகளைப் பங்கிட்டுக்கொண்டனர் என்றும் அவர்களிடையே மரபுக்கதை உண்டு. மலை பல நாடுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது: வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேளூர் நாடு என்பன அவற்றுட் சில. நாட்டுக்குத் தலைவர், ஊருக்குக் கவுண்டர், தெய்வத்துக்குப் பூசாரி என்று ஒழுங்கு இருந்தது. விதைப்பு முதல் அறுவடை வரை, பெண் கொடுத்தல் முதல் பிணம் எடுத்தல் வரை, அந்த ஒழுங்குக்கு உட்பட்டே நடந்தது. மாசி பெரியண்ணசாமியும் எட்டுக்கை அம்மனும் அறப்பளீசுவரரும் அவ்வாழ்வின் காவலர். ஆடிப் பதினெட்டில் மலையே திரண்டு நீராடும்.

இந்நிலையில் ஒருவன் தனியே ‘என் தெய்வம் வேறு’ என்று சொன்னால் அவன் விடுவது தெய்வத்தை மட்டுமன்று. பெண் எடுக்கும் வீட்டையும், பந்தியில் அமரும் இடத்தையும், நோயில் தூக்க வரும் தோள்களையும் ஒருசேர விட வேண்டும். சமவெளியில் நகரங்கள் உண்டு. ஓரூரில் தள்ளுண்டவன் வேறூரில் பிழைத்துக்கொள்வான். மலையில் அதற்கும் வழியில்லை.

1913: மழையில் ஒரு மணமகள்

செசி மேன் பிராண்டு இங்கிலாந்தின் கில்டுபோர்டு ஊரினர். 1885இல் பிறந்தவர். கட்டடத் தொழிலில் பழகியவர். வெப்ப நாட்டு நோய்களைப் பற்றிய குறுகிய பயிற்சி ஒன்றையும் பெற்று, இருபதாம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் மேற்சொன்ன மிஷன் வழியாகச் சேலம் மாவட்டத்துக்கு வந்தார். அவருக்கு மருத்துவப் பட்டம் இல்லை. மலையிலிருந்து இறங்கி வந்த மக்களைக் கண்டபின் அவர் உள்ளம் மேலேயே நின்றது.

எவலின் கான்சுடன்சு ஆரிசு 1879இல் இலண்டனில் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். ஓவியம் பயின்றவர். பட்டும் இறகுத் தொப்பியும் அணிந்து வளர்ந்தவர். முப்பது வயதைக் கடந்தபின் மிஷன் பணிக்கு வந்தார். 1913இல் இருவருக்கும் சேந்தமங்கலத்தில் திருமணம் நடந்தது. மண நாளிலேயே மலையேறினர். அடிவாரத்தில் குறித்தபடி ஆட்கள் கிடைக்காமல், கொட்டும் மழையில், டோலியில் பாதியும் நடையில் பாதியுமாகப் புதுமணமக்கள் வாழவந்தி வந்து சேர்ந்த கதையை அக்குடும்பத்தார் பலமுறை எழுதியுள்ளனர். மணப்பெண்ணின் உடை அன்றே பாழாயிற்று.

அவர்கள் குடியேறிய வீடு செசி பிராண்டு கீழே அறுத்துச் செய்த மரப்பலகைகளை மலையாட்கள் சுமந்து கொண்டுவந்து பொருத்தியது. கறையான் ஏறாதவாறு தூண்களின் தலையில் தகரத் தட்டுகளைக் கவிழ்த்து, அவற்றின்மேல் வீட்டை நிறுத்தினார். கொல்லிமலைச் சபையின் முதற்கட்டடம் எதுவென்று கேட்டால் இந்தக் குடிசையைத்தான் சுட்ட வேண்டும். கோபுரமும் மணியும் இல்லை.

அங்கு அவர்கள் செய்த பணி பலதிறத்தது. புண்ணுக்கு மருந்திட்டனர், பல் பிடுங்கினர், கட்டி கீறினர். நரம்புச்சிலந்தி நோய் மலையில் மலிந்திருந்தது. நீரில் இறங்கி மொள்ளும் நீர்நிலைகளில் நோயாளியின் புண்ணிலிருந்து புழுவின் குஞ்சுகள் கலக்கும். அந்நீரை உண்போர் உடலுக்குள் அவை வளர்ந்து, ஓராண்டு கழித்துக் காலைத் துளைத்து வெளிவரும். வெளிவரும் புழுவைச் சிறு குச்சியில் சுற்றி, அறுந்துவிடாமல் நாளுக்குச் சிறிதாக இழுக்க வேண்டும். அறுந்தால் சீழ் பிடித்துவிடும். செசி பிராண்டு இதைச் செய்ததோடு நில்லாமல், இறங்க வேண்டாத கிணறுகளைத் தோண்டுமாறு மக்களைத் தூண்டினார். பாரதம் இந்நோயற்ற நாடு என உலக நலவாழ்வு நிறுவனத்தின் சான்று பெற்றது 2000ஆம் ஆண்டில். அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே, நோய்க்கு வேர் குடிநீரில் இருக்கிறது என்று ஒரு மலையூரில் ஒருவர் எடுத்துரைத்துக்கொண்டிருந்தார்.

பள்ளிகள் தொடங்கினார். தச்சும் செங்கல் அறுத்தலும் கற்பித்தார். பழமரக் கன்றுகளும் பட்டுப்புழு வளர்ப்பும் கொணர்ந்தார். கடன் கொடுத்து நிலத்தைக் கைப்பற்றும் சமவெளியாரிடமிருந்து மலைமக்களைக் காக்க முயன்றார். ஞாயிறன்று வேதம் வாசித்தார். கேட்டவர்கள் கேட்டுவிட்டுத் தம் வயலுக்குப் போனார்கள்.

ஒருவரும் முழுக்குக்கு வரவில்லை. ஒரு பருவம் இரு பருவம் அன்று, ஐந்தாறு ஆண்டுகள் வரவில்லை. ஊர்ப் பூசாரி அவர்களை நெருங்க வேண்டாமென மக்களைத் தடுத்தார். பூசாரியைக் குறை கூறுவதற்கில்லை. மக்களின் தெய்வங்களுக்கு அவர் காவலர். தம் கடமையை அவர் செய்தார்.

இங்கு வரலாற்று மாணவர் ஒரு வினாவை எழுப்பியாக வேண்டும். மருந்தும் பள்ளியும் மதமாற்றத்துக்கான தூண்டிலா? இவ்வினா இன்றும் பலராலும் கேட்கப்படுகிறது, கேட்பதில் தவறில்லை. செசி பிராண்டு தம் நோக்கத்தை மறைத்தவரல்லர். கிறித்துவை அறிவிக்கவே மலையேறினார். ஆயினும் மீன் விழாத தூண்டிலை ஆறாண்டு பிடித்திருப்பவன் தூண்டில்காரன் ஆகான். மருந்துக்குக் கைமாறாக முழுக்குக் கேட்டிருந்தால் முதலாண்டே சிலர் வந்திருப்பர். அப்படி வருவோரை அவருடைய சபையின் கொள்கையே ஏற்காது. மருந்து வேறு, முழுக்கு வேறு என்ற பிரிவினை அந்த வெற்று ஆண்டுகளால் மக்களுக்கு விளங்கியது என்பது என் கருத்து. நொபிலியின் வழியில் வேடம் முதலில் வந்தது, உறவு பின்னர். இங்கு உறவு முதலில் வந்தது. சேவைக்குப் பின்னால் நோக்கமே இல்லை என்று அன்பர்கள் சிலர் எழுதுவதும் எனக்கு உடன்பாடன்று. நோக்கம் இருந்தது. அது நிறைவேறாதபோதும் மருந்துப் பெட்டி மூடப்படவில்லை என்பதே எடுத்துக்காட்டத்தக்கது.

கொள்ளைநோயும் ஒரு குழந்தையும்

முதல் உலகப்போரின் இறுதியில், 1918, 1919 ஆண்டுகளில் உலகெங்கும் பரவிய இன்புளுயன்சாக் காய்ச்சல் இந்நாட்டில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. கொல்லிமலையையும் அது விட்டுவைக்கவில்லை. நோயுற்றோரை வீட்டில் விட்டுவிட்டு மற்றவர் காட்டுக்குள் ஓடினர். ஓடியவரைப் பழித்தல் எளிது. தொற்றுநோய்க் காலத்தில் நகரத்துப் படித்தோர் நடந்துகொண்ட முறையை 2020இல் கண்டபின், மலைமக்களைப் பழிக்க நமக்கு வாயில்லை.

பிராண்டு இணையர் பெரிய கொப்பரையில் அரிசிக் கஞ்சி காய்ச்சி, கிடப்பவர் வாயில் ஊட்டி வீடுவீடாகச் சென்றனர். அந்நோய்க்கு அன்று மருந்து கிடையாது. நீரும் கஞ்சியும் ஒரு கையின் அரவணைப்புமே மருந்து. இதுகாறும் எதிர்த்துநின்ற பூசாரியும் அவர் மனைவியும் நோயில் வீழ்ந்தனர். அவர்கள் வாயிற்படியை மிதிப்பார் எவருமில்லை. பிராண்டு சென்றார். தம்மிடம் வழிபட வந்தவர் எவரும் வாராத நிலையில், தாம் தடுத்துவைத்த மனிதர் வந்தது பூசாரியின் உள்ளத்தை அசைத்தது. இறக்குமுன் தம் பெண்குழந்தையைப் பிராண்டு இணையர் கையில் ஒப்படைத்தார். தாய் தந்தை இருவரும் மறைந்தனர். பட்டினியால் நலிந்த கைக்குழந்தை எவலின் அம்மையாரின் கையில் பிழைத்தது. அதற்கு ரூத்து என்று பெயரிட்டனர்.

விவிலியத்தில் ரூத்து என்பவள் மோவாபு நாட்டவள். கணவனை இழந்தபின்பும் மாமியாரைப் பிரியாமல் அவளுடைய நாட்டுக்கே சென்றவள். அங்கு அயலாள் நாட்டவரோடு ஒட்டினாள். இங்கோ மண்ணின் மகளை அயலார் ஏந்தினர்.

ஊர் இதனைக் கண்டது. தெய்வத்துக்கு முன் நின்றவரே தம் குழந்தையை அவர்களிடம் கொடுத்தார் என்றால் நாமும் அவர்கள் சொல்வதைக் கேட்கலாம் என்ற எண்ணம் பிறந்தது. அதன்பின் ஒருவர் ஒருவராக முழுக்குக்கு வந்தனர். சபை உருவாயிற்று. இச்சபையின் பிறந்தநாளைக் குறிக்க ஓர் அடிக்கல் விழாவையோ அழைப்பிதழையோ தேடிப் பயனில்லை.

இவ்வரலாற்றை நாம் அறிவது பெரும்பாலும் பிராண்டு குடும்பத்தாரின் எழுத்துகளாலும், டாரதி கிளார்க்கு வில்சன் எழுதிய எவலின் அம்மையார் வாழ்க்கை வரலாற்றாலும் ஆகும். மலைமக்கள் தம் வாயால் சொல்லும் பக்கமும் தொகுக்கப்பட வேண்டும். குறிப்பாக, மதம் மாறாமல் நின்றவர்கள் இந்நிகழ்ச்சிகளை எவ்வாறு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதை நம் கல்லூரி மாணவர்கள் களப்பணியாகச் செய்யலாம். முனைவர்ப் பட்டத்துக்காகச் சங்க இலக்கியத்தின் உவமைகளை நூறாவது முறை எண்ணுவதினும் அது பயனுடைத்து.

தந்தை, மகன், தாய்

1914இல் பிராண்டு இணையருக்குப் பிறந்த மகன் பால் வில்சன் பிராண்டு. அடுத்து ஒரு மகள். 1923இல் குடும்பம் இங்கிலாந்து சென்றபோது, படிப்பின் பொருட்டுப் பிள்ளைகளை உறவினரிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினர். பால் தம் தந்தையை மீண்டும் காணவில்லை. மலையின் மரஞ்செடிகளையும் பூச்சிகளையும் பற்றித் தந்தை எழுதிய கடிதங்களே அவருக்குத் தந்தையாயின. 1929 சூன் மாதம் செசி பிராண்டு மலைக்காய்ச்சலின் கொடிய வகையாகிய கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். அகவை 44. இறப்புச் செய்தி தந்தியில் விரைந்து சென்றது. அவர் முன்னரே எழுதிக் கப்பலில் அனுப்பியிருந்த கடிதம் பின்னர்ச் சென்று மகன் கையில் சேர்ந்தது.

பால் பிராண்டு 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தியதும், நோயாளியின் விரல் அழிவது நோயால் அன்று, வலியுணர்வு இழந்தமையால் நேரும் காயங்களால் என்று நிறுவியதும் உலகறிந்த செய்திகள். 2003இல் அவர் மறைந்தார். அவர் எழுதிய சிறுவயது நினைவொன்று இவ்விடத்துக்குப் பொருந்தும். மலைச்சரிவின் படிவயல்களில் சிறுவர் தவளை பிடிக்க இறங்கிச் சேற்றைக் கலக்கினர். வயலைக் காத்துவந்த முதியவர், தாத்தா என்று அனைவராலும் அழைக்கப்பட்டவர், ஒரு கைப்பிடிச் சேற்றை அள்ளிக் காட்டினார். கலங்கிய நீரோடு இறங்கிப்போகும் மண் மலைக்குத் திரும்பி வராது என்று அவர்களுக்கு உணர்த்தினார். பிற்காலத்தில் மண்வளம் பற்றி உலகுக்கு எழுதும்போது பால் பிராண்டு தம் ஆசானாகக் காட்டியது அந்த மலைவாழ் முதியவரையே. மலைக்குக் கற்பிக்க வந்த குடும்பம் மலையிடம் கற்றது.

கணவர் இறந்தபின் எவலின் அம்மையார் ஊர் சென்று மீண்டும் வந்தார். மிஷன் அவரைச் சமவெளி நிலையங்களில் அமர்த்தியது. ஏறத்தாழ எழுபது வயதில் ஓய்வு கொடுத்தது. ஓய்வை ஏற்றுக்கொண்ட அம்மையார் ஊர் திரும்பவில்லை. மிஷன் சம்பளமும் நிலையமும் இன்றித் தாமே மலையேறிச் சிறு குடில் அமைத்தார். கொல்லிமலையோடு பச்சைமலை, கல்வராயன்மலை எனச் சுற்றுமலைகளுக்கும் செல்ல வேண்டும் என்பது கணவரோடு சேர்ந்து கண்ட கனவு. அதற்காக மட்டக்குதிரையில் ஏறி ஊரூராகச் சென்றார். எழுபத்தைந்தாம் வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஓரிரவு முழுதும் தரையில் கிடந்தவரை மறுநாள் காலை வேலையாள் கண்டார். நால்வர் கட்டிலில் சுமந்து மலையிறக்கினர். அதன்பின் இரு மூங்கிற் கோல்களை ஊன்றி மீண்டும் ஏறினார். ஓய்வெடுக்கச் சொன்ன மகனிடம், பயன்படாமல் பாதுகாக்கும் உடம்பு எதற்கு என்ற பொருள்பட விடையிறுத்தார். இறுதி இருபது ஆண்டுகள் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி இருந்ததில்லை. இலண்டனில் ஓவியம் பயின்ற பெண் அவர் என்பதை இங்கு நினைவுகூர்க.

திருச்சபை ஒன்றின் விழுமியங்கள் யாவை என்று கேட்போர்க்கு அதன் சட்டதிட்ட நூலைக் காட்டுவது மரபு. இச்சபைக்கும் விசுவாச அறிக்கை உண்டு, மூப்பர் உண்டு, உதவிக்காரர் உண்டு. எனினும் மிஷனே வயது கடந்தவர் என்று விடுவித்த ஒரு கிழவி, மிஷனுக்கு வெளியே நின்று செய்த பணி அச்சட்டங்களில் எந்தப் பிரிவின்கீழ் வரும் என்பது எனக்கு விளங்கவில்லை. சபை என்பது நிறுவனத்தினும் பெரிது என்ற எண்ணம் அவருக்கு இருந்திருக்க வேண்டும். ஒவ்வோர் ஊர்ச் சபையும் தன்னைத் தானே ஆளும் என்ற கொள்கை, அவரளவில் ஒருவர் மட்டுமே உள்ள சபையாயிற்று போலும்.

சேந்தமங்கலத்துக்கு வருவோர் இன்று பெரிதும் தேடிச்செல்வது அங்குள்ள சன்னியாசிக் கரட்டின் தத்தாத்திரேயர் கோயிலை. சுவயம்பிரகாச அவதூதர் அங்கு வாழ்ந்தவர். காவியுடுத்த இத்தாலியரை 1623இல் வரவேற்ற ஊர், ஆடையும் துறந்த அவதூதரை இருபதாம் நூற்றாண்டில் போற்றியது. துறவியரை மதிக்கும் பண்பு அவ்வூருக்குப் பழமையானது. பிராண்டு இணையரோ துறவியரல்லர், குடும்பத்தார். கைக்குழந்தையும் கொப்பரையும் ஆணியும் உளியுமாக மலையேறியவர்கள். மலைமக்கள் அவர்களை ஏற்றதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

மிஷன் 1980இல் கிரேசு பாப்டிஸ்டு மிஷன் எனப் பெயர் மாற்றம் பெற்றது. எவலின் அம்மையார் அதற்கு முன்பே, 1974 திசம்பரில், தம் தொண்ணூற்றைந்தாம் வயதில் இறந்தார். மரப்பெட்டி வேண்டாம் என்று அவர் சொல்லிவைத்திருந்தார். மரத்தை வீணாக்குவதில் அவருக்கு உடன்பாடில்லை. பருத்தித் துணி ஒன்றில் சுற்றி, மலையிலேயே, நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட கணவரின் அருகில் அவரை அடக்கம் செய்தனர்.